கற்றற் பேறும் கணக்குப் புத்தகமும்: கல்விக் கருத்தொன்றின் சமூக வரலாறு

1

இலங்கைப் பல்கலைக்கழகமொன்றிலே புதிய பாடநெறியை வகுக்க முற்படுவோர் இன்று முதற்கண் எழுதவேண்டியிருப்பது பாடப்பொருளின் அட்டவணையன்று. அந்நெறியைக் கற்று முடித்த மாணவர் எவற்றைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்பதைக் கூறும் வாக்கியங்களையே அவர்கள் முதலில் எழுதவேண்டியுள்ளது. கற்றற் பேறுகள் என நாம் வழங்குவது இவற்றையே. 2012ஆம் ஆண்டில் அறிமுகமாகி 2015இல் திருத்தப்பெற்ற இலங்கைத் தகைமைகள் சட்டகம் தகைமைகளை 12 மட்டங்களாக வகுத்து, அவற்றுக்குரிய பேறுகளையும் விதந்துரைத்துள்ளது.

இவ்வேற்பாட்டை நம்மவர் இருவகையாக எதிர்கொள்வதைக் காணலாம். ஒரு சாரார் இதனை அலுவலகக் கடமையாகக் கருதி, வினைச்சொற் பட்டியலொன்றிலிருந்து பொருத்தமானவற்றைத் தெரிந்து படிவத்தை நிரப்பிவிடுகின்றனர். மற்றொரு சாரார், இலக்கியம் போன்ற துறைகளின் பயனை முன்கூட்டியே வரையறுத்தல் இயலாது என்றும், அவ்வாறு வரையறுப்பது சந்தையின் கட்டளைக்குப் பணிவதாகும் என்றும் கூறி ஒதுங்கிவிடுகின்றனர். தெளிவான பேறு என்னும் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இரு சாராருமே கணக்கில் எடுப்பதில்லை. தெளிவு என்பது தனித்து நிற்கும் பண்பன்று. எவருக்கேனும் தெளிவாயிருப்பதே தெளிவு. கல்வியின் பயனைத் தெளிவாக எழுதித் தருமாறு கேட்டவர் யார், அது யாருக்குத் தெளிவாதல் வேண்டுமெனக் கேட்டார், அத்தெளிவைக் கொண்டு என்ன செய்தார் என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பயனை முன்னரே மொழிதல் தமிழ்க் கல்வி மரபுக்குப் புதியதன்று. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த இலக்கணத்திலே, நூலைக் கேட்போர் யாவர், அதனாற் பெறும் பயன் யாது என்பனவும் சொல்லப்படுதல் வேண்டும் என்றார். கேட்போரும் பயனும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. யாருக்கு என்பதைச் சொல்லாது பயனைச் சொல்லவியலாது என்ற உணர்வு அவ்வைப்பு முறையிலே தொனிக்கின்றது. ஆயினும், பழைய நூல்களிற் பயன் பெரும்பாலும் அறம் முதலிய உறுதிப் பொருள்களாகவே உரைக்கப்பட்டது; பயிற்சியின் முடிவில் மாணாக்கன் செய்துகாட்டவேண்டிய செயலாக அது உரைக்கப்படவில்லை. ஆசிரியரும் மாணாக்கரும் நேர்முகத் தொடர்பு கொண்டிருந்த கல்விமுறைக்கு எழுத்து வடிவிலான அளவுகோல் இன்றியமையாததாக இருக்கவில்லை. கல்விக்குப் பணங் கொடுப்பவர் வகுப்பறைக்கு வெளியே, தொலைவில் இருக்கும் நிலை தோன்றியபோதே அத்தேவையும் வலுப்பெற்றது.

இவ்வகையில் 1862ஆம் ஆண்டு பிரித்தானியக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கிரிமியப் போரின் செலவு திறைசேரியை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஏழை மக்களின் பாடசாலைகளுக்கு அரசு வழங்கிய நன்கொடையோ ஆண்டுக்காண்டு பெருகி வந்தது. 1858இல் நியமிக்கப்பட்ட நியூகாசில் ஆணைக்குழு 1861இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதனைத் தொடர்ந்து, கல்விப் பொறுப்பை வகித்த றொபேட் லோ திருத்திய விதிக்கோவையைக் கொண்டுவந்தார். புதிய முறை மலிவானதாக அமையாவிடிற் பயனுள்ளதாக அமையும், பயனுள்ளதாக அமையாவிடின் மலிவானதாகவேனும் அமையும் என்ற பொருள்பட அவர் பாராளுமன்றத்திற் கூறியது பலரும் அறிந்ததே. தொழிலாளருக்கு வாக்குரிமையை விரிவாக்குவதை அவர் கடுமையாக எதிர்த்தவர் என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கது.

திருத்திய விதிக்கோவை 6 தரங்களை வகுத்தது. ஒவ்வொரு தரத்திலும் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றிலும் பிள்ளை செய்துகாட்டவேண்டியது யாது என்பது ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட்டது. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையை வாசித்தல் வேண்டும். 20 வரையுள்ள இலக்கங்களைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதுதல் வேண்டும். ஐந்தாந் தரத்திலே வாசிப்புப் புத்தகத்திலுள்ள கவிதையிற் சில வரிகளை வாசித்தல் போதுமானது. ஆறாந் தரத்திலே பத்திரிகையின் சாதாரணப் பந்தியொன்றை வாசித்தலும், பொருட்சிட்டைக் கணக்குச் செய்தலும் எதிர்பார்க்கப்பட்டன. கற்றற் பேறு என்ற பெயர் அன்று வழங்கவில்லையாயினும், செயல், நிபந்தனை, அளவு ஆகிய மூன்றும் அமைந்த பேற்றுக் கூற்றுக்களாக இவற்றைக் கொள்வதில் தவறில்லை. தெளிவைப் பொறுத்தவரை இவற்றிற் குறை காண்பது அரிது.

அத்தெளிவு பணத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையே விடயத்தின் சாரமாகும். ஒழுங்காக வரவு தந்து பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளையொன்றின் பொருட்டுப் பாடசாலை 8 சிலிங் பெறலாம். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றுள் ஒன்றிலே பிள்ளை தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். மூன்றிலும் தவறினால் எட்டும் போயிற்று. ஆசிரியர் பலரின் வேதனம் இந்நன்கொடையைச் சார்ந்திருந்தது. விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 8 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்த நன்கொடை 1865 அளவிலே ஆறரை இலட்சத்துக்கும் கீழாயிற்று. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனஞ் செய்து ஒப்பித்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றியும் கூறப்படுகின்றது. வரலாறும் புவியியலும் பல பாடசாலைகளிற் பின்தள்ளப்பட்டன. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆணல்ட், இம்முறை கற்பித்தலைப் பொறிமுறையாக்கிவிடும் எனத் தொடக்கத்திலேயே எச்சரித்தார். தலைமைப் பரிசோதகராக விளங்கிய எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் வெளியிட்ட நூலிலே இம்முறையின் நீண்டகாலத் தீங்குகளை விரித்துரைத்தார். 1890களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது.

3

பேரரசின் மையத்தில் வகுக்கப்பட்ட இம்முறை குடியேற்ற நாடுகளுக்கும் வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்திலே 1860களின் பிற்பகுதியில் இதையொத்த நன்கொடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. இலங்கையில் மோகன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய உதவி நன்கொடை முறை, பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கும் கோட்பாட்டைத் தழுவியது. கட்டடமும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் ஏற்கெனவே வாய்க்கப்பெற்றிருந்த மிஷனரிச் சங்கங்களே இதனாற் பெரும்பயன் அடைந்தன. பெறுபேற்றைக் காட்ட வல்லவருக்கே பணம் என்ற விதி, பெறுபேற்றை உண்டாக்கும் சாதனங்கள் முன்னரே எவரிடம் திரண்டிருந்தனவோ அவர்களையே மேலும் வலுப்படுத்தியது. சமத்துவமற்ற சமுதாயத்திலே சமமான அளவுகோல் சமமான விளைவைத் தருவதில்லை என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

4

பேறுகளை எழுதும் கலையின் அடுத்த கட்டத்தை ஐக்கிய அமெரிக்காவிலே காண்கின்றோம். அங்கே அளவுகோலை வழங்கியது திறைசேரியன்று, தொழிற்சாலை. பிரெட்றிக் ரெயிலர் விஞ்ஞான முகாமை பற்றிய தமது நூலை 1911இல் வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் பகுத்து, நேரங்கணித்து, வேலைத் திட்டத்தை அவனிடமிருந்து பிரித்து முகாமையாளரிடம் ஒப்படைப்பதே அவர் முறையின் உட்பொருள். மறு ஆண்டிலே, சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்ளின் பொபிற், கல்வியில் விரயத்தை ஒழித்தல் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய பாடசாலைகள் இந்தியானா மாநிலத்தின் கேரி நகரத்துப் பாடசாலைகள். அந்நகரமோ உருக்குக் கம்பனியொன்று 1906இல் தன் ஆலைக்கென எழுப்பிய நகரம்.

பொபிற்றின் வாதம் ஒளிவுமறைவற்றது. தண்டவாளம் எவ்வளவு நீளமும் உறுதியும் உடையதாதல் வேண்டும் என்பதை உருக்காலை தீர்மானிப்பதில்லை. அதை வாங்கும் புகையிரதக் கம்பனியே தீர்மானிக்கின்றது. அவ்வாறே பாடசாலையிலிருந்து வெளிவருவோர் எத்தகையோராதல் வேண்டும் என்ற விவரக் குறிப்பையும், அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளும் வெளியுலகமே தரல் வேண்டும் என்றார். கலைத்திட்டம் பற்றி 1918இலும் 1924இலும் அவர் வெளியிட்ட நூல்கள், வளர்ந்தோரின் வாழ்க்கைச் செயல்களைக் கூறுகூறாகப் பகுத்து அவற்றைக் கல்வியின் குறிக்கோள்களாக்கும் முறையை விளக்கின. இருக்கும் சமுதாயத்தில் இருப்போர் செய்வனவற்றைப் பட்டியலிட்டு அதனையே இலக்காகக் கொள்ளும் கல்வி, அச்சமுதாயத்தின் உழைப்புப் பிரிவினையையும் மறுவுற்பத்தி செய்யும். எழுதுவினைஞரின் பிள்ளைக்கு எழுதுவினைஞரின் செயல்கள் குறிக்கோளாகும். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்குச் சுரங்கம்.

5

இவ்வரலாறு ஒரே திசையிற் செல்லவில்லை. 1933 முதல் 1941 வரை ஐக்கிய அமெரிக்காவிலே நடைபெற்ற எட்டாண்டு ஆய்வு 30 பாடசாலைகளைக் கல்லூரி அனுமதி விதிகளின் பிடியிலிருந்து விடுவித்து, புதிய கலைத்திட்டங்களைப் பரிசோதிக்க இடமளித்தது. அதன் மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை தாங்கிய றால்ப் ரைலர், குறிக்கோள்களை ஆசிரியர்களுடன் கூடியிருந்தே தெளிவுபடுத்த முயன்றார். ‘சிந்திக்கக் கற்பித்தல்’ என்று ஆசிரியர் கூறினால், சிந்திக்கும் மாணவர் எதைச் செய்வார், அதனை எவ்வாறு இனங்காண்பீர் என வினவுவதே அவர் வழி. ஆசிரியர் எதைச் செய்கின்றார் என்பதன்று, மாணவரிடம் என்ன மாற்றம் நிகழ்கின்றது என்பதே குறிக்கோளாதல் வேண்டும் என 1949இல் வெளிவந்த சிறுநூலில் அவர் வற்புறுத்தினார். இக்கூற்றிலே ஒரு சனநாயக அம்சம் உண்டு. விரிவுரையாளர் 15 வாரம் பேசி முடித்துவிட்டமை கற்பித்தல் நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது என்பதே அதன் உட்கிடை.

பெஞ்சமின் புளூமும் அவரது குழுவினரும் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு அறிவு, விளக்கம், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என 6 படிகளை வகுத்தது. கல்லூரிப் பரீட்சகர்கள் வினாக்களைத் தம்முட் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டியிருந்தமையே இதன் தோற்றுவாய். இன்று நம் படிவங்களோடு இணைக்கப்படும் வினைச்சொற் பட்டியல்களின் மூதாதை இதுவே. 1962இல் றொபேட் மேகர் நிரலித்த போதனைக்கு வழிகாட்டியாக எழுதிய சிறுநூல் மேலும் ஒருபடி சென்றது. ‘அறிதல்’, ‘விளங்கிக்கொள்ளல்’, ‘நயத்தல்’ ஆகிய சொற்கள் பலபொருட்கு இடந்தருவன. ஆதலாற் செயல் யாது, எந்நிபந்தனையில், எவ்வளவு செம்மையுடன் என்பவற்றைக் கூறுதல் வேண்டும் என்றார் அவர். 1862இன் மூன்று கூறுகளும் ஒரு நூற்றாண்டின் பின் உளவியலின் மொழியிலே மீண்டும் ஒலித்தன.

பணமும் மீண்டும் வந்து சேர்ந்தது. 1969-70இல் டெக்சாஸ், ஆர்க்கன்சாஸ் மாநிலங்களின் எல்லையிலுள்ள டெக்சார்க்கானா நகரத்திலே, மாணவரின் வாசிப்பும் கணிதமும் உயரும் அளவுக்கேற்ப ஊதியம் பெறும் ஒப்பந்தம் தனியார் நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. பரீட்சை வினாக்கள் முன்கூட்டியே பாடத்திற் புகுத்தப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. இம்முறையை 1970-71இல் பல நகரங்களிற் பரிசோதித்த மத்திய அரசும், அது வழக்கமான கற்பித்தலை விஞ்சவில்லை என்ற முடிவுக்கே வந்தது. இலண்டனிலும் டெக்சார்க்கானாவிலும் நிகழ்ந்தது ஒன்றே. கூற்றுத் தெளிவாயிருந்தது, அத்தெளிவு பணங் கொடுப்பவருக்குக் கணக்கு முடிக்க உதவியது, கணக்குக்குள் அடங்காதது வகுப்பறையிலிருந்து வெளியேறியது.

6

இத்தகைய வரலாற்றை நோக்கும் இலக்கிய ஆசிரியர், குறிக்கோள் வழிக் கல்வியை முற்றாக நிராகரித்தோர் பக்கம் சாய்வது இயல்பே. எலியற் ஐஸ்னர் 1967இல், கலைக் கல்வியின் விளைவுகளுட் பல முன்கூட்டி உரைக்கவியலாதவை என வாதித்தார். லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975இல், அறிவுத்துறையிற் கல்வி வெற்றியடையும் அளவுக்கு மாணவரின் விளைவுகள் எதிர்பாராதனவாக அமையும் என்ற கருத்தை முன்வைத்தார். இவ்விமர்சனங்களில் உண்மை உண்டு. புதுமைப்பித்தனின் கதையொன்றை வாசித்த மாணவர் எந்த முடிவுக்கு வருவார் என்பதை ஆசிரியர் முன்னரே அறிந்திருப்பாரெனின் அங்கு நிகழ்வது வாசிப்பன்று.

எனினும், முன்கூட்டி உரைக்கவியலாமை ஒன்று, உரைக்காதிருத்தல் வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில் வர்க்க நலன் மறைந்து நிற்கின்றது. நன்னூலார் மாணாக்கரைத் தரம் பிரித்தபோது, தலைமாணாக்கருக்கு அன்னத்தை உவமையாக்கினார். கடைமாணாக்கருக்கு இல்லிக்குடத்தை உவமையாக்கினார். அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது அதன் இயல்பு. அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. குடத்தின் ஓட்டையும் அவ்வாறே. கற்றலின் விளைவு கற்பவரின் பிறவிக் குணமாகிவிடும்போது கற்பித்தலின் பொறுப்பு மறைந்துவிடுகின்றது. நமது வினாத்தாள்களில் இடம்பெறும் ‘ஆராய்க’, ‘நயந்து எழுதுக’, ‘விமர்சிக்குக’ என்னும் கட்டளைகளை நோக்குக. இவை வேண்டி நிற்பது யாது என்பது வகுப்பிலே விளக்கப்படுவது அரிது. புத்தகங்கள் நிறைந்த வீட்டிலே, படித்த பெற்றோரின் உரையாடலைக் கேட்டு வளர்ந்த மாணவர் அதனைத் தாமே ஊகித்துக்கொள்கின்றார். தோட்டத்து லயத்திலிருந்தோ கடற்றொழிற் கிராமத்திலிருந்தோ தம் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வருபவர், பாடக்குறிப்பை முழுமையாக ஒப்புவித்துச் சாதாரண சித்தியுடன் வெளியேறுகின்றார். முன்னவருக்கு ‘இரசனை’ உண்டென்றும் பின்னவருக்கு அது இல்லையென்றும் நாம் எழுதிவைக்கின்றோம்.

பியர் பூர்தியூவும் ஜான்-குளோட் பசறோனும் பிரெஞ்சுப் பல்கலைக்கழக மாணவரைப் பற்றி 1964இல் வெளியிட்ட ஆய்வு இத்தோற்றப்பாட்டை நன்கு விளக்கியது. கல்வி நிறுவனம் எதனைக் கற்பிக்காமலே எதிர்பார்க்கின்றதோ, அதனை வீட்டிலிருந்து மரபுரிமையாகக் கொண்டுவருபவரே திறமைசாலி எனப்படுகின்றார். அவர்கள் வேண்டி நின்றது, எதிர்பார்ப்புகளை வெளிப்படையாக்கி முறையாகப் பயிற்றும் பகுத்தறிவு சார்ந்த கற்பித்தலை. அதற்கும் முன்னரே, 1923இன் இத்தாலியக் கல்விச் சீர்திருத்தத்தை விமர்சித்துச் சிறையிலிருந்து எழுதிய அந்தோனியோ கிராம்சி, சுதந்திரம், தன்னியல்பு என்ற பெயரில் ஒழுங்கான பயிற்சியைக் கைவிடும் பாடசாலை தொழிலாளரின் பிள்ளைகளுக்கே பாதகமாகும் எனக் கண்டார். கற்றலும் ஓர் உழைப்பு. அதற்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை வீட்டிற் பெறாதவருக்குப் பாடசாலையே அதனை வழங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. தெளிவான பேறுகளை எழுதுவதற்கு ஆதரவான மிக வலிய நியாயம் இங்கேயே உள்ளது. அது திறைசேரியின் நியாயமன்று. முதற் தலைமுறை மாணவரின் நியாயம்.

7

அவ்வாறாயின் எவ்வாறு எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ‘மாணவர் ஈழத்துச் சிறுகதையின் வளர்ச்சியை அறிந்துகொள்வர்’ என்பது நம்மிடையே பெருவழக்கான கூற்று. இது எவருக்கும் எதனையும் தெரிவிப்பதில்லை. ‘ஈழத்துச் சிறுகதையாசிரியர் ஐவரின் பெயர்களைக் குறிப்பிடுவர்’ என்பது மிகத் தெளிவானது. ஆயினும் 1862ஆம் ஆண்டின் தெளிவு அது. எளிதில் அளக்கத்தக்கது என்பதற்காகவே அற்பமானதொன்று இலக்காக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டுக்கும் மாறாகப் பின்வருமாறு எழுதலாம்: ‘ஒரு சிறுகதையின் பத்திரிகை வடிவத்தையும் தொகுதியில் இடம்பெற்ற வடிவத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றேனும் கதையின் பொருளை எவ்வாறு மாற்றுகின்றது என்பதைப் பாடச் சான்றுடன் நிறுவுவர்.’ இங்கே செயல் தெளிவு. சான்றின் தேவை தெளிவு. மாணவர் அடையவேண்டிய முடிவு மட்டும் திறந்து விடப்பட்டுள்ளது. ஸ்ரென்ஹவுஸ் பாதுகாக்க விரும்பிய எதிர்பாராமை இதனால் அழிவதில்லை. அழிவது, மதிப்பீட்டின் அளவுகோலைப் பரீட்சகர் தம் மனத்தில் மறைத்து வைத்திருக்கும் வசதியே.

இதிலிருந்து சில வரையறைகளைப் பெறலாம். யாப்பை அலகிடுதல், பதிப்பின் நம்பகத்தன்மையைச் சோதித்தல் போன்ற ஆற்றல்களுக்குப் பேற்றையும் அளவையும் முன்னரே திட்டவட்டமாகக் கூறலாம், கூறுதல் கடமையுமாகும். விளக்கமும் மதிப்பீடும் சார்ந்தவற்றுக்கு முடிவைக் கூறாது, நல்ல வாதத்தின் இலக்கணத்தைக் கூறுதல் வேண்டும். பேறு, கற்பித்தல், பரீட்சை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். ஒப்பிடுதலைப் பேறாக எழுதிவிட்டுக் குறிப்பெழுதும் வினாவைப் பரீட்சையிற் கொடுத்தால், மாணவர் நம்புவது வினாத்தாளையே. பேறுகளை எழுதுவோர் பாடத்தைக் கற்பிப்போராதல் வேண்டும். அவற்றின் நிறைவேற்றத்தை ஆசிரியரின் வேதனத்தோடோ துறையின் நிதியோடோ பிணைத்தல் ஆகாது. இக்கடைசி வரையறை மீறப்பட்ட இடங்களில் நிகழ்ந்தவற்றை மேலே கண்டோம்.

இலங்கைத் தகைமைகள் சட்டகம் கோரும் பேறுகளுள் பாட அறிவோடு முகாமையும் தொழில்முயற்சியும் போன்றனவும் இடம்பெறுகின்றன. பொபிற்றின் தண்டவாளம் இவற்றின் பின்னணியிற் கிடப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் பொருட்டுப் பேற்றுக் கூற்றையே கைவிடுவோமாயின், விவரக் குறிப்பை எழுதும் உரிமையை வாங்குவோரிடமே ஒப்படைத்தவர்களாவோம். கருவி யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் பணியும் அமையும்.

பேற்றுக் கூற்று இருபுறமும் பிணைக்கும் ஆவணம் என்பதை இறுதியாக வற்புறுத்தல் வேண்டும். 1862இல் அது ஆசிரியரையும் பிள்ளையையும் திறைசேரிக்குக் கடன்பட்டோராக்கியது. அதனை மறுதலையாகவும் வாசிக்கலாம். சிறுகதையின் இரு வடிவங்களை ஒப்பிடுவர் எனப் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால், அவ்விரு வடிவங்களும் நூலகத்தில் இருத்தல் வேண்டும். பழைய சஞ்சிகைகளின் படிகள் மாணவர் கைக்கு எட்டுதல் வேண்டும். எழுதியதைத் திருத்திக் கொடுக்கப் போதிய ஆசிரியர் நியமிக்கப்படுதல் வேண்டும். இல்லாவிடின் அக்கூற்றைச் சுட்டி, தமக்குத் தரப்படாதது எது என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்த வேண்டுமாயின், அவ்வாக்கியங்கள் தர மதிப்பீட்டுக் குழுவினரின் கோப்புக்குச் செல்லுமுன்னர், விளங்கக்கூடிய தமிழில், பாடநெறியின் முதல் நாளிலேயே மாணவர் கையிற் கிடைத்தல் வேண்டும்.